மண்மேட்டை வெட்டிய மதியம்

கொண்டாப்பூரில் எங்கள் அப்பார்ட்மெண்டுக்குப் பின்னால் சரிவான காலி நிலம் இருந்தது. எவ்வளவு மழை கொட்டினாலும், தண்ணீர் எங்கள் பின்சுவரின் ஓட்டைகள் வழியாக அந்தச் சரிவில் இறங்கி ஏரிக்குப் போய்விடும். போன கோடையில் அங்கே புது டவர் கட்ட வந்தவர்கள், லாரி லாரியாக மண்ணைக் கொட்டிச் சுவரோரம் மேடாக்கிவிட்டார்கள். மழைத் தண்ணீருக்கு வழி எங்கே என்று கேட்டேன். எல்லாம் பிளானில் இருக்கிறது என்றார் சூப்பர்வைசர். அந்தப் பிளானை இன்றுவரை என் கண்ணில் யாரும் காட்டவில்லை.

ஜூலையில் ஒரு மதியம் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. தெருத் தண்ணீர் முழுக்க எங்கள் செல்லாரில், அதாவது கார் நிறுத்தும் கீழ்த்தளத்தில், இறங்கியது. கார்களை ஆளாளுக்கு மேலே ஏற்றிவிட்டார்கள். வாட்ச்மேன் குடும்பம் இருந்த ஒற்றை அறையை ஏற்ற முடியுமா? அவர் மனைவி கைக்குழந்தையோடு படியில் நின்று, அறைக்குள் தண்ணீர் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்குக் கோபம் வந்தால் குடைகூட நினைவிருக்காது. நனைந்தபடியே சைட்டுக்குப் போனேன். அங்கே நின்ற ஜேசிபியைக் காட்டி, சுவரோர மண்ணை இப்போதே வெட்டு என்று என் ஓட்டை இந்தியில் கத்தினேன்.

"நக்கோ மேடம், நக்கோ" என்று, வேண்டாமெனக் கும்பிட்ட சூப்பர்வைசர், மேட்டுக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினார். கட்டட வேலைக்கு வந்த குடும்பங்களின் தகர ஷெட்டுகள். வெட்டினால் தண்ணீர் நேரே அவற்றுக்குள்தான் போகும்.

அதற்குள் கணவர் போனில் அலறினார். "தண்ணி மீட்டர் போர்டைத் தொடப்போகுது. சீக்கிரம் ஏதாவது செய்!"

ஷெட்டுகளில் இருப்பவர்களை முதலில் எங்கள் கட்டடத்துக்கு அனுப்பச் சொன்னேன். பிள்ளைகளும் பாத்திரங்களும் ஒரு தையல் மெஷினும் எங்கள் முதல் மாடி வராந்தாவுக்கு வந்து சேரும்வரை எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. பிறகு ஜேசிபி மண்ணைக் கிழித்தது. தண்ணீர் பாய்ந்த வேகத்தில் தகரங்கள் சரிந்து விழுந்தன. நான் அந்தப் பக்கம் பார்க்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

சாயங்காலம் செல்லார் வடிந்தது. வாட்ச்மேன் மனைவி அறையிலிருந்து சேற்றைத் தள்ளிக்கொண்டிருந்தாள். கணவர் போனைப் பார்த்தபடி வந்தார்.

"குரூப்ல எல்லாரும் உனக்கு தேங்க்ஸ் சொல்றாங்க. லிஃப்டுக்குக்கூட ஒண்ணும் ஆகலையாம்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "வராந்தால இருக்கறவங்க எப்ப வீட்டுக்குப் போவாங்கன்னு கேக்கறாங்க."

"எந்த வீட்டுக்கு?" என்றேன்.