ரேடியோ அத்தை பார்க்காத கோழி

வாயை மூடினால் ரேடியோ அத்தைக்குத் தலைவலி வந்துவிடும் என்று நூலகத்தில் ஒரு பேச்சு உண்டு. பொய் சொல்வானேன், அதில் முக்கால்வாசி உண்மை. காலையில் அவர் கதவைத் திறப்பதற்கு முன்பே பேச்சு உள்ளே வந்துவிடும். மக்கர் பண்ணும் மின்விசிறியைத் திட்டுவார். குட்டி நாற்காலிகளை வரிசையாக விசாரிப்பார். திரும்பி வந்த புத்தகத்திலிருந்து பிஸ்கட் தூள் கொட்டினால் அந்தத் தூளோடும் ஒரு வழக்கு நடக்கும். ரேடியோ என்று பெயர் வைத்தது யாரோ தெரியவில்லை. வைத்தவர் வாயில் சர்க்கரையைத்தான் போடவேண்டும்.

வாயை நம்பியே பிழைத்தவர் அவர். சின்ன வயதில் பேருந்து நிலையத்தில் மைக்கின் முன்னால் வேலை. எந்த வண்டி எங்கே நிற்கிறது, எது கிளம்பப்போகிறது என்று நாள் முழுக்கச் சொல்லவேண்டும். அத்தை சொன்னால் பெஞ்சில் தூங்குகிறவன்கூட எழுந்து ஓடுவான். அங்கே குடிநீர் எந்திரத்தைச் சரிசெய்ய வந்த மெக்கானிக்தான் பிற்பாடு வீட்டுக்காரர் ஆனார். எப்படி என்று கேட்டால், "குரல் கேட்டுச்சு, நின்னுட்டேன்" என்பார். முழுக் காதல் கதையும் அவ்வளவுதான். மனிதருக்கு ஒரு வார்த்தை பேசுவதென்றால் சொத்தை எழுதிக் கொடுக்கிற மாதிரி.

பிறகு நிலையத்துக்குப் பதிவுசெய்த குரல் வந்தது. அதற்குத் தும்மல் வராது, சம்பளம் கேட்காது. அத்தையை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்தக் குரலைக் கேட்கக்கூடாது என்பதற்காகவே வெகுகாலம் பேருந்து ஏறாமல் நடந்து திரிந்தார். அதற்கப்புறம் கிடைத்ததுதான் இந்த நூலகம், குழந்தைகள் பிரிவு, சனிக்கிழமைக் கதை நேரம். கம்பளத்தில் வாண்டுகள், எதிரே ஒரு குட்டை முக்காலியில் அத்தை. புத்தகத்தைப் பிள்ளைகள் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு, மேலிருந்து எட்டிப் பார்த்தபடி படிப்பார். புலி வந்தால் அடுத்த அறையில் செய்தித்தாள் படிக்கும் பெரியவர்களும் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

வருஷத்துக்கு ஒருமுறை பதிப்பகத்து ஆள் புதுப் படப் புத்தகங்களை ஒரு பெட்டி நிறையக் கொண்டுவந்து பார்வைக்கு வைத்துவிட்டுப் போவார். எவற்றை வாங்குவது, எவற்றைத் திருப்பி அனுப்புவது என்று முடிவுசெய்வது அத்தையின் வேலை. அதற்கு அவரிடம் ஒரு முறை இருந்தது. பெட்டியை வீட்டுக்கு எடுத்துப் போவார். சமையலறை மேசையில் வீட்டுக்காரர் சாப்பிட உட்கார்ந்ததும், எதிரே நின்று புத்தகத்தை அவர் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு உரக்கப் படிப்பார். சொற்கள் நாக்கில் துள்ளினால் தேறியது. இடறினால் பெட்டிக்குத் திரும்பியது. எழுத்தே இல்லாமல் படம் மட்டும் உள்ள புத்தகத்தைத் திறந்துகூடப் பார்க்கமாட்டார்.

"தட்டை மட்டும் வெச்சுட்டு சோறு போடாமப் போற மாதிரி இருக்கு! இதுக்குப் பேரு புத்தகமா?" என்பார். வீட்டுக்காரர் தலையாட்டுவார். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார்.

யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். அத்தைக்குத் தொண்டை சறுக்கியது. முதலில் கரகரப்பு, பிறகு காற்று மட்டும். டாக்டர் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, குரல் நாணில் சின்னதாக ஒரு காய்ப்பு இருக்கிறது என்றார். பேசிப் பேசியே வந்ததாம். "கொஞ்ச நாளைக்கு வாயைத் திறக்கவே கூடாதும்மா. ரகசியம் பேசறதும் கூடாது, அது இன்னும் கெடுதல். அடங்கினா நல்லது. இல்லன்னா வெட்டி எடுக்கணும். அப்புறம் பழைய குரலே வரும்னு என்னால உறுதியாச் சொல்லமுடியாது."

அத்தை வீட்டுக்கு வந்து சிலேட்டில் எழுதிக் காட்டினார்: 'குரல் இல்லன்னா பிள்ளைங்க என்கிட்ட எதுக்கு வரும்?' வீட்டுக்காரர் வழக்கம்போலத் தலையாட்டப் பார்த்து, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

நூலகத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்தது ஒரு இளம்பெண். நல்ல பெண்தான், அத்தை மேல் உயிர். நல்லவர்கள் நல்லதை நினைத்துச் செய்வதுதான் சில சமயம் நெஞ்சில் குத்தும்.

"அக்கா, நீங்க நல்லா ஓய்வு எடுங்க. சனிக்கிழமைக்கு நான் ஒரு பெரிய திரை ஏற்பாடு பண்ணிட்டேன். கதைங்க எல்லாம் அதுலயே ஓடும். உங்களுக்குக் கஷ்டமே இல்ல!"

அத்தை சிலேட்டை எடுத்தார். வந்த எந்திரம் எதுவும் திரும்பிப் போனதாக அவர் கேள்விப்பட்டதில்லை. 'ஒரு சனிக்கிழமை கொடு. பிள்ளைங்க எழுந்து போயிட்டா அடுத்த வாரமே திரையைப் போடு' என்று எழுதினார்.

"பேசாம எப்படிக்கா கதை சொல்லுவீங்க?"

அது தெரிந்தால் அத்தை ஏன் கவலைப்படப்போகிறார்?

அந்த வாரம் பார்த்துப் பெட்டியும் வந்து சேர்ந்தது. வாயில் போட்டுப் பார்க்க வழியில்லை. வேறு கதியில்லாமல் அத்தை புத்தகத்தை வீட்டுக்காரர் கையில் திணித்து, தான் எப்போதும் பிடிப்பதுபோல எதிர்ப்பக்கம் திருப்பிப் பிடிக்கச் சொல்லிச் சாடை காட்டினார். தான் போய் அவருடைய நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். ஆனைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கும் ஒரு காலம் வரத்தானே வேண்டும்.

பூனை படித்த அழகைச் சொல்லி முடியாது. சிங்கம் கர்ஜித்த இடத்தை மின்கட்டண ரசீது படிப்பதுபோலப் படித்தார். முயல் அழுதபோது ஏப்பம் விட்டார். அத்தை நெற்றியில் அடித்துக்கொண்டார். ஆனால் பாவம் மனிதர், விடவில்லை. மனைவியின் முகம் வாடிப்போயிருக்கிறதே என்று, நூலகத்திலிருந்து வந்து வீட்டிலேயே தங்கிவிட்ட பழைய கழுதைக் கதையை அலமாரியிலிருந்து எடுத்துவந்தார்.

"இது எனக்கே மனப்பாடம். கேளு."

பாலத்தைக் கடக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும் கழுதையின் கதை அது. அத்தையின் வெற்றிக்கொடி. கழுதை வாயைத் திறந்து கத்துகிற பக்கத்தில் அத்தை ஒரு கத்துக் கத்துவார் பாருங்கள், பிள்ளைகள் கம்பளத்தில் உருண்டு உருண்டு சிரிக்கும். வருஷக்கணக்காக, எந்தப் பிள்ளைகள் வந்தாலும், அந்தப் பக்கத்தில் சிரிப்பு நிச்சயம். வீட்டுக்காரர் அந்தப் பக்கம் வந்ததும் தன்னால் முடிந்த அளவுக்கு, கதவுக் கீல் மாதிரி, "ங்ஙீ" என்றார்.

அத்தை சிரித்துவிட்டார். சத்தம் வராமல் தோள் குலுங்கச் சிரித்தார். ஆனால் அந்த "ங்ஙீ"க்கு இல்லை. படத்தில் கழுதையைப் பிடித்து இழுக்கும் முதலாளியின் தொப்பி மேல் ஒரு கோழி சட்டமாக உட்கார்ந்திருந்தது. முதலாளிக்கு அது தெரியவே தெரியாது. மூஞ்சியைப் பார்த்தால் முட்டையிடப் போகிற கோழி.

அத்தை புத்தகத்தைப் பிடுங்கி முன்னால் புரட்டினார். முதல் பக்கத்தில் கோழி வேலி ஓரம் நிற்கிறது. அடுத்ததில் சாலைக்கு வந்துவிட்டது. அதற்கடுத்ததில் முதலாளியின் தோளில் ஒரு கால். எழுத்தில் கோழி என்று ஒரு சொல்கூடக் கிடையாது. சிலேட்டில் கிறுக்கினார்: 'இந்தக் கோழி எப்ப வந்துச்சு?'

"எப்பவும் அங்கதான இருக்கு."

'சொல்லவே இல்லையே!'

"நீ எங்க எடம் விட்ட?"

அத்தைக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. அப்படியானால் இத்தனை வருஷமாகப் பிள்ளைகள் சிரித்தது தன் கத்தலுக்கு இல்லை. கோழிக்கு! மேலிருந்து தலைகீழாக எட்டிப் பார்த்து எழுத்தை மட்டும் துழாவிக்கொண்டிருந்தவருக்குப் படம் எங்கே தெரிந்தது? தன் குரலுக்குத்தான் கூட்டம் என்று நினைத்து நிமிர்ந்து நடந்தோமே என்று நினைக்கவும் அவமானம் பிடுங்கித் தின்றது. கேவலம் ஒரு கோழியிடம் தோற்றுவிட்டோமே என்று எழுந்து போய்ப் படுக்கையில் குப்புற விழுந்தார்.

வீட்டுக்காரர் அறை வாசலில் வந்து நின்றார்.

"கோழி மட்டும் போதும்னா, பிள்ளைங்க வீட்டுலயே புக்கைப் பிரிச்சுப் பாத்துட்டுப் போயிருக்குமே. உன் முன்னாடி வந்து ஏன் உக்காரணும்?" என்றார். அவர் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி அத்தை கேட்டதில்லை.

ஆறுதல் பாதிதான் ஏறியது. மீதிப் பாதிக்குக் கோபம் வந்தது. அத்தைக்குக் கோபம் வந்தால் வேலை நடக்கும். மறுநாள் பெட்டியில் இருந்த அத்தனையையும் மறுபடி வெளியே எடுத்தார். வீட்டுக்காரர் பிடிக்க, பிள்ளைகள் உட்காரும் உயரத்துக்குத் தரையில் உட்கார்ந்துகொண்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். சந்தம் கொட்டும் ரயில் புத்தகம் ஒன்று இருந்தது. பழைய அத்தையாக இருந்தால் அதைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்திருப்பார். இப்போது பார்த்தால், ரயில் போகிறது என்ற வரிக்கு ரயில் போகிற படம், மழை பெய்கிறது என்ற வரிக்கு மழை பெய்கிற படம். பிள்ளைக்குக் கண்டுபிடிக்க அதில் ஒன்றுமே இல்லை. பெட்டிக்குப் போ என்று தள்ளிவைத்தார்.

பெட்டியின் அடியில், இதுவரை அவர் தொட்டே பார்க்காத ரகத்தில் ஒன்று கிடந்தது. எழுத்தில்லாத புத்தகம். ஒரு லிஃப்ட். உள்ளே ஒரு பொடியன் கை நீட்டி மேல் மாடிப் பித்தானை அமுக்கப் பார்க்கிறான், எட்டவில்லை. கதவு திறக்கிறது, பெரிய வாத்தியப் பெட்டியோடு ஒருவர் ஏறுகிறார். பிறகு ஏணியோடு ஒரு பெயிண்டர், ஆட்டோடு ஒரு அம்மாள், பூந்தொட்டியோடு இரண்டு பேர். எல்லாரும் அவரவர் பித்தானை அமுக்குகிறார்கள். பொடியனை ஒருவரும் கண்டுகொள்வதில்லை. அவனும் பக்கத்துக்குப் பக்கம் நசுங்கிக்கொண்டே கையை நீட்டுகிறான். அத்தை கடைசிவரை பார்த்தார். மறுபடி முதலிலிருந்து பார்த்தார். ஐயோ, கண்ணே என்று அந்தப் பொடியனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்ளலாம் போல இருந்தது அவருக்கு.

சனிக்கிழமை கம்பளம் நிறைந்தது. மூலையில் திரை துணி போர்த்தித் தயாராக நின்றது. பக்கத்தில் தலைமைப் பெண், நகத்தைக் கடித்தபடி. அத்தை முக்காலியில் உட்கார்ந்து புத்தகத்தைப் பிரித்தார்.

"அத்தை, ஆரம்பிங்க!"

அத்தை புன்னகைத்தார்.

"அத்தை, ஏன் பேசமாட்டேங்கறீங்க?"

தொண்டை நமநமவென்றது. ஒரே ஒரு வார்த்தை, சும்மா ஒரு "அன்னிக்கு" என்றால்கூடப் போதும் போல இருந்தது. ஒரு பையன் எழுந்து நின்றான். இன்னொன்று அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு எழுந்தது. தலைமைப் பெண்ணின் கண் திரை பக்கம் போனது. அத்தை வாயை இறுக்கிக்கொண்டு, புத்தகத்தைத் தாழ்த்தி, பொடியனின் நீட்டிய கைமேல் விரலை வைத்தார். அவர் பார்வை பிள்ளைகளிடம் போகவில்லை. பொடியனையே பார்த்துக்கொண்டிருந்தார், எட்டுமா எட்டாதா என்று.

முன்வரிசையில் குட்டி வக்கீல் உட்கார்ந்திருந்தாள். நாலு வயசுதான். சூரியன் கிழக்கே உதிக்கிறது என்றாலும் ஒரு ஆட்சேபம் வைத்திருப்பாள். அவள் முட்டி போட்டு முன்னால் நகர்ந்தாள்.

"அவனுக்கு எட்டல."

"எட்டும். எம்பினா எட்டும்," என்றான் எழுந்து நின்றவன்.

"எம்பித்தான் நிக்கறான், பாருடா, குதிகால் மேல இருக்கு!"

நின்றவன் பார்க்க உட்கார்ந்தான். அத்தை பக்கத்தைப் புரட்டினார். வாத்தியப் பெட்டி ஏறியது. "அய்யய்யோ, அவனை இடிச்சிட்டாரு!" ஆடு ஏறியபோது கம்பளம் ரெண்டுபட்டது. ஆடு நல்லதா கெட்டதா என்று சண்டை. அத்தை புருவத்தை உயர்த்தினார், சண்டை வலுத்தது. அத்தை கையைப் பக்கத்தின் ஓரத்தில் வைத்துப் புரட்டாமல் நிறுத்தினார், சண்டை அடங்கியது. குரலால் இழுத்துக்கொண்டு ஓடிய காலத்தில் பிள்ளைகளின் முகத்தை அவர் இப்படி உட்கார்ந்து பார்த்ததே இல்லை. எவ்வளவு அழகாக இருக்கின்றன, சனியன்கள் என்று நினைத்துக்கொண்டார்.

கடைசிக்கு முந்தின பக்கம். பூந்தொட்டி சரிகிறது, அதோடு ஏணி, அதோடு ஆடு, எல்லாரும் ஒருவர்மேல் ஒருவராகச் சாய்ந்து மலை மாதிரி குவிகிறார்கள். பொடியன் அந்த மலையின் அடியில் முதல் காலை வைக்கிறான். அறையில் ஒரு மூச்சுச் சத்தம் இல்லை.

அந்த நேரம் பார்த்து ஒரு பையனின் அம்மா அவனை இழுத்துக்கொண்டு வேர்க்க விறுவிறுக்க உள்ளே வந்தார். அமைதியைக் கண்டு திகைத்து நின்றார்.

"என்னாச்சு? இன்னிக்குக் கதை கிடையாதா?"

குட்டி வக்கீல் திரும்பினாள். கோபத்தில் அவள் மூக்கு விடைத்திருந்தது. விரலை உதட்டில் வைத்தாள்.

"ஷ்ஷ்! சத்தம் போடாதீங்க. அத்தை கதை சொல்லிட்டிருக்காங்க."

அத்தைக்குக் கண் நிறைந்து படம் மங்கியது. துடைத்துக்கொள்ளக் கை ஒழியவில்லை. பிள்ளைகள் எல்லாரும் கழுத்தை நீட்டிக் காத்திருந்தார்கள். அவர் பக்கத்தைப் புரட்டினார்.