ஆணி இருந்த சுவர்

எங்கள் வேதக்கோயில் வாசலை ஒட்டிய வெளிச்சுவரில் ஒரு வரிசை ஆணிகள் இருந்தன. நீளமான, துருப்பிடித்த ஆணிகள். படம் மாட்டவோ காலண்டர் தொங்கவிடவோ அடித்தவை அல்ல. தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்கள் மழைக்காக உடம்பைச் சுற்றிக் கட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் படங்குகளை மாட்டுவதற்காக அடித்தவை. மழை மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தச் சுவர் முழுக்கப் படங்குகள் சொட்டிக்கொண்டிருக்கும். கீழே கூடைகளும் சேறு அப்பிய செருப்புகளும் கிடக்கும். என் அம்மாவுடையது நீலப் படங்கு. அது கடைசி ஆணியில் தொங்கினால் அம்மா வந்துவிட்டாள் என்று அர்த்தம்.

அந்த ஆணிகளை அடித்தவர் பைபிள் அம்மா. தொழிலாளர் குடியிருக்கும் லைன் வீடுகளுக்குப் போய் வேதம் வாசிக்கவும் ஜெபிக்கவும் சபை சொற்பச் சம்பளத்துக்கு வைத்திருந்த பெண்மணி. பெயர் சொல்லி யாரும் அவரைக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் நடுவில் எங்கள் எஸ்டேட்டில் அவருடைய வாய்க்குப் பயப்படாதவர்களும் கிடையாது. கொழுந்து கொழிக்கும் மாதங்களில் ஞாயிறும் வேலை நாள்தான். காலையில் பறித்ததை எடை போட்டு முடிந்த பிறகுதான் பெண்கள் கோயிலுக்கு ஓடிவர முடியும். அதற்குள் பிரசங்கம் பாதி போயிருக்கும். ஈரமும் சேறுமாக நுழைகிறார்கள் என்று முன்பெஞ்சுக்காரர்கள் முகம் சுளித்தார்கள். பைபிள் அம்மா ஃபேக்டரியில் சுத்தியல் இரவல் வாங்கிவந்து, தானே ஸ்டூல் போட்டு ஏறி ஆணி அடித்துவிட்டார்.

அதோடு விடவில்லை. அந்தப் பெண்கள் உள்ளே வந்ததும் முன்வரிசையில் எழுந்து நிற்பார். அந்தக் காலத்துப் பாதிரி ஐயர், பிரசங்கம் எந்த இடத்தில் இருந்தாலும் சரி, அப்படியே நிறுத்திவிட்டுப் பாட்டு எண்ணைச் சொல்வார். பாட்டு முடிந்ததும் யார் வீட்டில் யாருக்கு முடியவில்லை என்று கேட்டு, பெயர் சொல்லி ஜெபிப்பார். பிறகு அவர்கள் படங்கைக் கட்டிக்கொண்டு தேயிலைக் காட்டுக்குத் திரும்புவார்கள். இது என்ன வழக்கம் என்று ஒருமுறை ஃபேக்டரி ஆபீசர் ஒருவர் கேட்டார். "நனைஞ்சு வந்தவளுக்கு மொதல்ல எடம் குடுங்க. காஞ்சு வந்தவங்க காத்திருக்கட்டுமுங்க," என்றார் பைபிள் அம்மா. அவர் பாடினால் சகிக்காது. சுருதிக்கும் அவருக்கும் ஜென்மப் பகை. ஆனால் என் அப்பா செத்துக் கிடந்த அன்று எங்கள் வீட்டில் வெந்நீர் வைத்துக்கொண்டே பாடியது அந்தக் குரல்தான். அதைவிட நல்ல பாட்டை நான் இதுவரை கேட்டதில்லை.

இப்போது அந்தக் கோயிலைக் கோயில் என்று சொன்னால் கோபித்துக்கொள்கிறார்கள். ஆங்கிலத்தில் ஒரு பெயர் வைத்து, வாசலில் ஊதா விளக்கில் எரியவிட்டிருக்கிறார்கள். உள்ளே பெரிய திரை. திரை பளிச்சென்று தெரிய வேண்டுமாம், ஜன்னல்களுக்கெல்லாம் கறுப்புத் தாள் ஒட்டிவிட்டார்கள். இந்த மலையில் வெயில் எட்டிப் பார்ப்பதே அபூர்வம், அதையும் அடைத்தாயிற்று. ஜன்னலைத் திறந்தால் மூடுபனி காசில்லாமல் உள்ளே வரும். அதை வெளியே நிறுத்திவிட்டு, மேடையில் புகை விடுவதற்குக் கோயம்புத்தூரிலிருந்து மெஷின் வாங்கி வந்த புத்திசாலிகள் இவர்கள். ஆராதனை தொடங்குமுன் திரையில் எண்கள் இறங்கிக்கொண்டே வரும், பூஜ்யம் வந்ததும் கதவைச் சாத்திவிடுவார்கள். கிழிந்த ஜீன்ஸ் போட்ட பாஸ்டர் குதித்துக்கொண்டு வந்து, "சத்தம் பத்தலையே!" என்பார். சினிமாக் குத்துப்பாட்டு மெட்டில் கர்த்தரின் பெயரைச் செருகிப் பாடுவார்கள். ஜனங்கள் பாடுவதில்லை, செல்போன் விளக்கை ஆட்டுவார்கள். சினிமாக்காரன் நன்றாகச் செய்கிற காரியத்தை நாம் ஏன் அரைகுறையாகச் செய்ய வேண்டும்? இளைஞர்களை இழுக்க என்கிறார்கள். இழுத்து வந்து எங்கே விட்டீர்கள் என்பதுதான் என் கேள்வி. ஆணிகளைப் பிடுங்கி, பட்டி பூசி, அந்தச் சுவரில் இரண்டு பெரிய வெள்ளை இறக்கைகளை வரைந்திருக்கிறார்கள். நடுவில் நின்று செல்ஃபி எடுத்தால் நாம் தேவதூதர் ஆகிவிடுவோமாம்.

போன மழைக்காலத்தில் ஒரு ஞாயிறு. என் பேக்கரியைத் திறந்துவைத்துவிட்டு நான் போய்ச் சேர்வதற்குள் கதவைச் சாத்தியிருந்தார்கள். படியில் பைபிள் அம்மா நின்றிருந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்று வெகுகாலம் ஆகியிருந்தது, கையில் தடி வந்திருந்தது. பக்கத்தில் ஜார்க்கண்டிலிருந்து கொழுந்து பறிக்க வந்த ஒரு பெண், நனைந்த படங்கோடு. கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சின்னச் சிலுவை, இடுப்பில் குழந்தை. கழுத்தில் அட்டை மாட்டிய பையன் ஒருவன் வழிமறித்து நின்றான்.

"லைவ் போயிட்டிருக்குதுங்க பாட்டி. ஈரத்தோட விட்டா கார்ப்பெட் போயிருமுங்க. வெளிய டென்ட்ல டிவி இருக்குது, அங்க உக்காந்துக்குங்க."

"நான் டிவி பாக்க வரல கண்ணு. இவ புருசனைக் காட்டுமாடு முட்டிப்போட்டுது. கோயமுத்தூர் ஆஸ்பத்திரில கெடக்கறான். சபையா ஒரு ஜெபம் பண்ணோணும், அவ்வளவுதான்."

"முடிஞ்சதும் பாஸ்டர்கிட்டச் சொல்லிக்கலாமுங்க."

பைபிள் அம்மா தன் படங்கைக் கழற்றி, மாட்டுவதற்காகச் சுவரைக் கையால் தடவினார். இறக்கைதான் இருந்தது. படங்கை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டார். நாங்கள் டென்டில் போய் உட்கார்ந்தோம். டிவியில் புகைக்கு நடுவே பாஸ்டர் குரல் நடுங்கக் கேட்டார், "உடைந்த உள்ளத்தோடு வந்தவங்க யாரு? கையைத் தூக்குங்க!" அந்தப் பெண்ணுக்குத் தமிழ் அரைகுறை. டிவியில் எல்லோரும் கையைத் தூக்குவதைப் பார்த்தாள். குழந்தையை மடியில் இருத்திவிட்டுத் தானும் டிவியைப் பார்த்துக் கையைத் தூக்கினாள். கேமரா வேறு பக்கம் திரும்பிப் பாட்டு தொடங்கிய பிறகும் அவள் கையை இறக்கவில்லை. பைபிள் அம்மாதான் மெல்லப் பிடித்து இறக்கிவிட்டார்.

முடிந்ததும் கூட்டம் இறக்கைச் சுவருக்கு ஓடியது. பாஸ்டர் பைபிள் அம்மாவைக் கண்டதும், "நம்ம சபையோட தாய்!" என்று தோளில் கை போட்டு இறக்கைக்கு நடுவில் நிறுத்தினார்.

"மொதல்ல ஜெபமுங்க, பொறவு போட்டோ," என்று காரியத்தைச் சொன்னார் பைபிள் அம்மா.

"கண்டிப்பா பண்றேம்மா. வாட்ஸ்அப் குரூப்ல டீடெயில்ஸ் போடச் சொல்லுங்க," என்று கேமராவைப் பார்த்துச் சிரித்தார் அவர். படம் எடுத்தவன் அந்தப் பெண்ணிடம், "அக்கா, கொஞ்சம் தள்ளிக்குங்க," என்றான். ஃபிளாஷ் அடித்தது. பைபிள் அம்மா தோளிலிருந்த கையை எடுத்து அந்தப் பக்கம் விட்டுவிட்டு, அவளைக் கூட்டிக்கொண்டு படியிறங்கினார்.

நானும் பஸ் ஸ்டாண்ட் வரை போனேன். ஆஸ்பத்திரிக்குப் போக ஏற வேண்டிய மேட்டுப்பாளையம் பஸ் கிளம்ப நின்றது. பைபிள் அம்மா அதன் படியருகிலேயே அவள் தலையில் கை வைத்து, புருஷன் பெயரைச் சொல்லி, ஊருக்கே கேட்கிற மாதிரி ஜெபித்தார். வர்க்கி பிஸ்கட் விற்பவர்கூடக் கூவுவதை நிறுத்திவிட்டார். கண்டக்டர் விசிலை வாயில் வைத்தபடி, ஆமென் வரும்வரை ஊதாமல் நின்றார். பிறகு பைபிள் அம்மா, அந்தப் பெண், குழந்தை மூவரும் ஏறிப் போனார்கள்.

இந்த மார்கழியில் பைபிள் அம்மா இறந்தார். அந்தப் படத்தைத்தான் பெரிய திரையில் போட்டு, கீழே 'எங்கள் சபையின் தாய்' என்று எழுதியிருந்தார்கள். சபையின் ஃபேஸ்புக் பக்கத்தில் இன்றும் இருக்கிறது. என் போனில் அதை அடிக்கடி பெரிதாக்கிப் பார்க்கிறேன். இறகுகளுக்கு அடியில் பட்டி பூசிய ஆணித் துளைகள் வரிசையாகப் புடைத்துத் தெரிகின்றன. கடைசிப் புடைப்பு என் அம்மாவுடையது. அந்தப் பெண்ணை வெட்டி எடுத்துவிட்டார்கள். ஓரத்தில், பைபிள் அம்மாவின் சேலையைப் பிடித்திருக்கும் குழந்தையின் கை மட்டும் வெட்டுக்குத் தப்பிவிட்டது.

அதன் அப்பா பிழைத்துக்கொண்டார். யாராவது கேட்டால் சொல்லலாம் என்று இருக்கிறேன். சபையில் இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.