மூன்றாவது வாரண்ட்

1. சித்திக்கும் அவள் மகளுக்கும் மாதம் அறுபது ரூபாய் ஜீவனாம்சம் தர வேண்டும் என்று கோர்ட் உத்தரவிட்டது.
2. சித்தப்பா இரண்டு மாதம் கட்டினார். பிறகு கட்டவில்லை.
3. வாரண்ட் போனது. ‘ஆள் அகப்படவில்லை’ என்று திரும்பி வந்தது.
4. இன்னொன்று போனது. அதுவும் அப்படியே வந்தது.
5. மூன்றாவதோடு சித்தியே போனாள்.

சித்தப்பா கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஃபிட்டர். உத்தரவு வந்ததும் ஜாகையை எல்லைக்கு அந்தப் பக்கம், ஆந்திராவுக்கு மாற்றிக்கொண்டார். அங்கே போய்ப் பிடிக்க அந்த ஊர் கோர்ட்டின் கையெழுத்தும் வேண்டும். வேலைக்கு மட்டும் சைக்கிளில் இந்தப் பக்கம் வருவார். அதனால் இரண்டாம் முறை கான்ஸ்டபிள் கம்பெனி வாசலிலேயே நின்றார். ஷிப்ட் முடிந்து வந்த ஒருவரை நிறுத்தி, சித்தப்பாவின் பெயரைச் சொல்லி விசாரித்தார். “அவன் லீவுங்க” என்று பதில் வந்தது. பதில் சொன்னவர் சித்தப்பாதான். டீக்கடையில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். எதிர்க் கம்பெனியில் வரைபடங்களை நகல் வரையும் டிரேசராக இருந்த என் காதுக்கும் வந்தது.

சித்தி இருந்த ஆரணிக்குப் போய்ச் சொன்னேன். சித்தி ரைஸ் மில்லிலிருந்து தவிட்டுத் தலையோடு அப்போதுதான் வந்திருந்தாள். எட்டாவது படித்த மகளை நிறுத்தி மில்லுக்கு அனுப்புவதா என்ற பேச்சு வீட்டில் தொடங்கியிருந்த நேரம் அது. சித்தி சிரிக்கவுமில்லை, அழவுமில்லை. “அப்போ அவரு இருக்காரு. காட்டறதுக்குத்தான் ஆள் இல்ல. நான் வரேன்” என்றாள்.

என் பங்கு சின்னது. மூன்று வாரம் ஜன்னல் வழியே பார்த்து, அவர் எந்த ஷிப்டில் வருகிறார் என்று தாளில் குறித்தேன். கான்ஸ்டபிளுக்கு நேரம் ஒழிகிற நாளும் அவருடைய காலை ஷிப்டும் சேரும் தேதியை எழுதிக் கொடுத்தேன்.

மத்தியானம் இரண்டு மணிக்குச் சங்கு ஊதியது. ஒரே மாதிரி நீலச் சட்டையில் நூறு பேர் வந்தார்கள். சித்தி நேரே போய் ஒரு சைக்கிளின் ஹேண்டில்பாரைப் பிடித்தாள்.

“ஊட்டு விஷயத்த கேட்டாண்ட இஸ்துகினு வந்துட்டியா?” என்றார் சித்தப்பா.

“ஊட்ல பேசலாம்னா நீ ஊட்டுக்கு வரணுமே.”

ஷிப்ட் முடிந்து அவரோடு வந்த பெரியவர் ஒருவர், “தாலி கட்னவன போலீஸ்ல குடுப்பியா? உட்டுடும்மா” என்றார். கான்ஸ்டபிள் தயங்கினார். போன முறை ஏமாந்தவர் அவர்தான். “நல்லா பாத்துச் சொல்லும்மா. இவருதானா?”

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் அதோடு முடிந்தது. சுற்றி நின்றவர்கள் அதைத்தான் எதிர்பார்த்தார்கள்.

“இவருதாங்க,” என்றாள் சித்தி. “லீவுல இருக்கறவரு.”

கல்நெஞ்சுக்காரி என்று அன்று சொன்னவர்கள் இன்றும் சொல்கிறார்கள். ஹேண்டில்பாரில் அவள் கை நடுங்கியதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். துணிச்சல் என்றால் நடுக்கம் இல்லாமை என்று அதுவரை நினைத்திருந்தேன். நடுக்கம் நிற்கட்டும் என்று அவள் காத்திருக்கவில்லை, அவ்வளவுதான்.

சித்தப்பா கோர்ட்டில் பணம் கட்ட மறுத்து ஒரு மாதம் ஜெயிலில் இருந்தார். “உள்ள போய்ட்டு வந்தா கணக்கு க்ளோஸ்” என்று கூட்டாளிகளிடம் சொல்லிவிட்டுப் போனாராம். ஜெயிலில் இருந்ததால் பாக்கி தீராது. அவர் வெளியே வந்த வாரமே சித்தி அடுத்த மனுவைப் போட்டாள். அந்த நோட்டீஸ் கைக்கு வந்த பிறகுதான் அவர் கட்டத் தொடங்கினார்.

மகள் இந்த வருஷம் எஸ்.எஸ்.எல்.சி. எழுதுகிறாள். சித்தப்பா என்னோடு பேசுவதில்லை. கடந்த இரண்டு மாதப் பணம் வரவில்லை. மனு போட்டாயிற்று. வியாழக்கிழமை வாய்தா.