ஜெசிந்தா டீச்சரின் வகுப்பு வலைப்பூ

முதல் பாடவேளை முடிந்து வெளியே வரும்போது போன் வந்தது. "சார், அக்கா தவறிட்டாக" என்றார் ஜெசிந்தா டீச்சரின் தம்பி. நோய் முற்றியிருந்தது எனக்குத் தெரியும். ஆனாலும் போன வாரம் பார்க்கப் போனபோது, "எட்டாம் வகுப்புப் பிள்ளைக புதுசா என்ன எழுதிருக்குக?" என்று கேட்டவர் அவர். செய்தியை உடனே நம்ப முடியவில்லை.

ராயப்பன்பட்டிக்காரரான அவர் எங்கள் பள்ளியில் அறிவியல் நடத்தினார், நான் கணக்கு. வகுப்புக்கு ஒரு வலைப்பூ தொடங்கப்போவதாக அவர் சொன்னதும், பிள்ளைகளின் கட்டுரைகளை ஏற்றி அழகு பார்க்கப்போகிறார் என்றுதான் நினைத்தோம். அவர் போட்ட விதி வேறு. "தெரிஞ்சத நோட்டுல எழுதுங்க. தெரியாதத இங்கன எழுதுங்க." ஒருவர் எழுதியதை மற்றவர் படித்துக் கீழே ஒரு கேள்வியாவது கேட்க வேண்டும். 'சூப்பர்' என்று மட்டும் போட்டால் ஏற்க மாட்டார். லோயர் கேம்ப் நீர்மின் நிலையத்தில் மின்சாரம் எடுத்த பிறகு தண்ணீரில் ஏதாவது குறைந்துவிடுமா என்று ஒரு பிள்ளை கேட்டிருந்தது. அன்று முதல் நானும் தினமும் படித்தேன்.

இதைப் படிக்கிறவர்களில் அவரோடு வேலை பார்த்தவர்களுக்கு அந்தத் திராட்சைப் பிரச்சினை நினைவிருக்கும். "திராட்சைக்கு மருந்தடித்ததும் அப்பா எங்களைப் பழம் தின்ன விடுவதில்லை. வாங்கித் தின்கிறவர்கள்?" என்று ஒரு மாணவி எழுதினாள். பெயர் போடாவிட்டாலும் ஊருக்குத் தெரிந்துவிட்டது. அவளுடைய அப்பா கோபமாக வந்தார். தலைமையாசிரியர் பதிவை அழிக்கச் சொன்னார்.

"அழிக்க ஒரு நிமிசம் போதும் சார். மொதல்ல அண்ணன் பேசட்டும்" என்ற டீச்சர், அந்த அப்பாவிடம் திரும்பினார்.

"பிள்ள பொய் எழுதிருக்காளாண்ணே?"

"பொய்யில்ல டீச்சர். பாதிதான் எழுதிருக்கா. இதப் பாத்தா எந்த யாவாரி எங்க தோட்டத்துக்கு வருவான்?"

"மீதிய நீங்க சொல்லுங்க, கீழ போடுவோம். அப்பறமும் வேணாமுன்னா நானே எடுத்துர்றேன்."

கம்ப்யூட்டர் அறையில் அவர் சொல்லச் சொல்ல மகள் தட்டச்சு செய்தாள். மழை பெய்தால் மருந்தில்லாமல் கொடியைக் காப்பாற்ற முடியாது. அடித்த பிறகு காத்திருந்துதான் பறிப்போம். வியாபாரி அவசரப்படுத்தினாலும் வெட்ட விட்டதில்லை. மகள் சட்டென்று நிறுத்தினாள்.

"எல்லாருமே காத்திருப்பாகளாப்பா?"

அவர் திரையைக் காட்டினார். "எனக்குத் தெரியல ஆத்தா. அதையும் போடு."

பதிவை யாரும் அழிக்கவில்லை. டீச்சர் எதுவும் சேர்க்கவில்லை. அதன்பிறகு அந்த அப்பாவே போன் போட்டு, "யாராச்சும் பதில் எழுதிருக்காகளா டீச்சர்?" என்று விசாரிப்பார். அடுத்த பருவத்தில் வேறு இரண்டு விவசாயிகள் அங்கே எழுதினார்கள். அவர்கள் இவரோடு ஒத்துப்போகவில்லை. டீச்சருக்கு அன்று முகமெல்லாம் சிரிப்பு.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒரு பழக்கம். பிள்ளைகள் எதை எழுதிக் காட்டினாலும், "நல்லாருக்கு" என்பதற்கு முன்னால், "இதப் படிக்கிறவுக உன்கிட்ட என்ன கேப்பாக?" என்று கேட்கிறேன். நேற்று ஒருத்தி என்னையே திருப்பிக் கேட்டாள்: "நீங்க என்ன சார் கேப்பீக?"

தாளை வாங்கி, மறுபடி முதலிலிருந்து படித்தேன்.