சாமிக்கும் கழற்றாத செருப்பு

திருவண்ணாமலையில் பௌர்ணமிக்கு நாங்கள் தங்கிய லாட்ஜின் மேனேஜருக்கு நெற்றி நிறையத் திருநீறு, காலில் ரப்பர் செருப்பு. சாமி படத்துக்குக் கற்பூரம் காட்டும்போதும் அதைக் கழற்றவில்லை. திமிர் என்று நினைத்தேன்.

கிரிவலம் முடித்து வந்து, காலையில் குளிக்கப் போன என் மனைவி அலறினாள். குழாயைத் தொட்டதும் ஷாக் அடித்திருந்தது. கீழே மேனேஜரிடம் ஓடினேன். மின்கசிவு வந்தால் கரண்ட்டை நிறுத்தும் கருவி சுவரில் இருந்தது. தன்னைத்தானே சோதித்து, பழுதானால் சிவப்பு விளக்கு காட்டும் புது வகை. விளக்கின் மேல் சந்தனம், குங்குமம் அப்பியிருந்தது. துடைத்தேன். சிவப்பு எரிந்தது. கருவி வழியாகப் போகாமல் கரண்ட் நேராகப் போகும்படி தனி ஒயர் இழுத்திருந்தார்கள்.

"கெட்டுப்போச்சுனு அதுவே சொல்லுது. பொட்டு வச்சு மறைச்சிருக்கியேய்யா?"

"அது கரண்ட்டே விட மாட்டேங்குது சார். சுடுதண்ணி வரலன்னா நீங்கதான் ஜாஸ்தி கத்துவீங்க."

"என் பொண்டாட்டி செத்திருப்பா."

"சாகலையே சார்."

மெயினை அணைக்கப் போன அந்த ஆள், கை வைக்குமுன் குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டார்.

அந்தக் கட்டடத்தில் ஷாக் அடிக்கும் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தே, வெறுங்காலோடு வந்தவர்களுக்கெல்லாம் சிரித்துக்கொண்டு சாவி கொடுத்தார். எப்படி முடிந்தது அந்த மனிதரால்?