மூக்கர் போட்ட கோடு

பழைய இரும்புக் கிடங்கில் என் அக்கா புருஷனுக்குப் பெயர் மூக்கர். மலையேறப் போகிறவர்கள் கூடாரத்தில் சமைத்துவிட்டுப் போடும் சின்ன கேஸ் டப்பாக்கள் எங்களுக்கு மூட்டை மூட்டையாக வரும். அத்தான் ஒவ்வொன்றையும் வெட்டவெளியில் வைத்து, வால்வைத் திறந்து மிச்ச கேஸை வெளியேற்றி, முகர்ந்து பார்ப்பார். காலி என்றால் சாக்பீஸால் ஒரு கோடு. கோடு விழுந்ததை நான் ஷெட்டுக்குள் மெஷினில் வைத்து நசுக்குவேன். பதினெட்டு வருஷத்தில் ஒன்றுகூடத் தப்பியதில்லை. அந்தத் திமிர் அவருக்கு நிறையவே உண்டு.

போன மாதம் வந்த காய்ச்சல் மூக்கைக் கொண்டுபோய்விட்டது. சோப்புக்கும் சாக்கடைக்கும் வித்தியாசம் தெரியவில்லை. விஷயம் அக்காவுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

"முதலாளிகிட்ட சொல்லிடுங்க அத்தான்."

"சொன்னா நாளைக்கே வேற ஆளு. இந்த வயசுல என்னை எவன்டா வச்சுக்குவான்? தண்ணியில முக்கிப் பாத்துக்கறேன். குமிழி வரலைன்னா காலி. இதுக்கு மூக்கு எதுக்கு?"

அக்கா முகத்தைப் பார்த்துவிட்டு நானும் வாயை மூடிக்கொண்டேன்.

அன்று காலை வாளித் தண்ணீரின் மேல் ஐஸ் ஏடு கட்டியிருந்தது. அந்தக் குளிரில் கேஸ் ஆவியாகாது. டப்பாவின் அடியில் தண்ணீர் மாதிரி கிடக்கும். வால்வைத் திறந்தால் சத்தம் வராது, முக்கினால் குமிழியும் வராது. மூக்கு இருந்தவரை குளிரெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை, துளி வாடையையும் பிடித்துவிடுவார். தண்ணீர் இப்படி ஏமாற்றும் என்று அவர் கண்டாரா? கோடு போட்டுக் கொடுத்தார். நான் நசுக்கினேன். ஷெட்டில் ஹீட்டர் எரிந்துகொண்டிருந்தது.

பீறிட்ட கேஸ் குப்பென்று பற்றியதில் என் வலது கையும் பாதி முகமும் வெந்துபோயின.

ஆஸ்பத்திரிக்கு வந்த முதலாளி ஒரே கேள்விதான் கேட்டார். "கோடு இருந்துச்சா, இல்லையா?"

அத்தான் கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தார். வாயைத் திறப்பார் என்று காத்திருந்தேன். தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. பக்கத்தில் அக்கா அழுதுகொண்டிருந்தாள்.

"இல்லைங்க. அவசரத்துல நான்தான் கோடு இல்லாததை எடுத்துட்டேன்."

என் வேலை போயிற்று. இந்தக் கையை வைத்துக்கொண்டு இனி எந்த வேலையும் செய்ய முடியாது. அத்தான் இப்போது வெந்நீரில் முக்கிப் பார்க்கிறாராம். அதில் என்ன வினை காத்திருக்கிறதோ, தெரியாது.

நேற்று அக்கா கஞ்சி ஊட்டிக்கொண்டே சொன்னாள்: "உன் மெஷினுக்கு ஆள் வந்தாச்சுடா. கல்யாணமாகி மூணு மாசம்தானாம், பாவம், ரொம்ப பயந்த சுபாவம். மூக்கர் கோடு போட்டா கண்ணை மூடிக்கிட்டு நசுக்கலாம்னு முதலாளியே தைரியம் சொல்லியிருக்கார்."