நாய்க்கடி ஊசியைத் தவிர எல்லா ஊசியும்

மதுரைப் பக்கம் தோட்டம் வைத்திருக்கும் என் தம்பிக்கு ராஜபாளையம் நாய்க்குட்டி ஒன்று வாங்கித் தர வேண்டும். பள்ளி விடுமுறைக்கு மஸ்கட்டிலிருந்து வந்த கையோடு நானும் எட்டு வயது மகள் இனியாவும் கிளம்பியது அதற்காகத்தான். ஊருக்கு வருமுன் டாக்டரைப் பார்த்து டைபாய்டு, மஞ்சள் காமாலை என்று அவளுக்கு எல்லாத் தடுப்பூசியும் போட்டாயிற்று. "விலங்குகளோடு பழகுவீர்களா?" என்று அவர் கேட்டார். சொந்தக்காரர் வீட்டுக்குத்தான் போகிறோம் என்றேன். நாய் வாங்கப் போகிறவன் சொல்கிற பதிலா இது!

மதுரையிலிருந்து ராஜபாளையம் 85 கிலோமீட்டர். காலை ஆறு மணிக்குப் புறப்பட்டு எட்டேகாலுக்குச் சேர்ந்தோம். வாடகைக் கார் நாளுக்கு 2,800 ரூபாய். ஓட்டுநர் மாரிமுத்து ராஜபாளையம் பக்கத்து மம்சாபுரத்துக்காரர். நாய் வளர்க்கும் கணேசன் வீட்டில் மூன்று மாத வெள்ளைக் குட்டிகள் நான்கு இருந்தன. மூன்று எங்கள் மேலே ஏறி விளையாடின. ஒன்று மட்டும் மூலையில் சுருண்டு கிடந்தது. பாவமாக இருக்கிறது, அதுதான் வேண்டும் என்றாள் இனியா.

"ஊசி போட்டாச்சா?" என்றேன் கணேசனிடம்.

"ஜாதி நாய் சார். வீட்டுக்குள்ளயே வளருது, இதுக்கு எங்கிட்டு வெறி வரும்? அடுத்த மாசம் போட்டுக்கிடலாம்."

நானும் பெரிய ஞானி போலத் தலையாட்டினேன். மூன்று நாள் கழித்து மதுரை திரும்பும்போது குட்டியை எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு.

அங்கிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் 12 கிலோமீட்டர். ஆண்டாள் கோயிலில் கும்பிட்டுவிட்டு வெளியே பால்கோவா வாங்கினோம். இனியா இடது கையால் சாப்பிட்டாள். அதட்டினேன். வலது கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள். இழுத்துப் பார்த்தால் கட்டைவிரலுக்குக் கீழே இரண்டு பல் தடம், காய்ந்த ரத்தம்.

"மூலையில இருந்த குட்டியைத் தூக்கினேன், கடிச்சிருச்சு. சொன்னா குட்டியே வேண்டாம்னு சொல்லிருவீங்களேப்பா."

மாரிமுத்து, "குட்டிப் பல்லுதான சார், கொஞ்சம் சுண்ணாம்பு தடவுனா சரியாப் போவும்" என்றார். காரை நேராக அரசு மருத்துவமனைக்கு விடச் சொன்னேன்.

நர்ஸம்மா முதலில் குழாயடிக்குத்தான் கூட்டிப்போனார். சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவினார். "மஞ்சள், சுண்ணாம்புன்னு ஏதும் தடவுனீயளா?" இல்லை என்றேன். மாரிமுத்து வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். கையில் தடுப்பூசி போட்டார்கள். ரத்தம் வந்த கடி என்பதால் காயத்தைச் சுற்றியும் ஊசி. இனியா அலறியது இன்னும் காதில் இருக்கிறது. செலவு ஒரு பைசா இல்லை. நோய் வந்துவிட்டால் காப்பாற்ற மருந்து கிடையாது என்று டாக்டர் சொன்னார். மலையடிவாரத்துச் செண்பகத்தோப்பைச் சுற்றிப் பார்க்கும் திட்டம் அத்தோடு ரத்து.

மூன்று நாள் கழித்து, இரண்டாவது ஊசிக்கு ராஜபாளையம் மருத்துவமனையில் நின்றோம். வரிசையில் எங்களுக்கு முன்னால் கணேசன், அவர் மனைவி, இரண்டு பிள்ளைகள்.

"பாப்பாவைக் கடிச்ச அந்தக் குட்டி நேத்து செத்துப்போச்சு சார்," என்றார். "தண்ணி எறங்கல, எச்சி வடிஞ்சுக்கிட்டே இருந்துச்சு. போன மாசம் தெருநாய் ஒண்ணு உள்ள பூந்து அதைக் கடிச்சுட்டுப் போச்சு. ஒங்களுக்குப் போன் பண்ணப் பயந்துட்டேன்."

பயந்துவிட்டாராம்! அவர் சட்டையைப் பிடித்து உலுக்கத் தோன்றியது. ஆனால் அவர் இடுப்பில் இருந்த சின்னப் பையனின் முழங்கையெல்லாம் கீறல்.

குழந்தைகளோடு ஊருக்கு வருகிறவர்கள், கிளம்ப ஒரு மாதம் முன்பே வெறிநாய்க்கடி முன்தடுப்பூசி பற்றி டாக்டரிடம் கேளுங்கள். அதைப் போட்டிருந்தாலும் கடித்தால் சோப்பும் மருத்துவமனையும் கட்டாயம். கீறலும் கடிதான், வீட்டுக் குட்டியும் நாய்தான். பாதியில் விமானம் ஏறினாலும் மிச்ச ஊசியை அங்கே போய் முடித்துவிட வேண்டும். நாங்கள் மூன்றாவதை மதுரையிலும், இருபத்தெட்டாம் நாள் ஊசியை மஸ்கட்டிலும் போட்டோம். இனியா நன்றாக இருக்கிறாள்.

இப்போதெல்லாம் அவள் இடது கையால் சாப்பிட்டால் நான் அதட்டுவதில்லை. வலது கையை வாங்கி விரித்துப் பார்க்கிறேன்.